வாரிசுக்கு மட்டும் பாடம் நடத்தினால் போதாது

குடும்பமாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு வகுப்பெடுப்பது என் தொழில். திண்டுக்கல் நகரமும் சுற்றியுள்ள சமவெளியும் அதற்கான களம். இங்கே பூட்டுப் பட்டறை, தோல் பதனிடும் ஷாப்பு, நூற்பாலை, ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடை, நிலக்கோட்டைப் பூ வியாபாரம், சின்னாளபட்டிச் சேலை உற்பத்தி, பிரியாணிக் கடை என்று எதை எடுத்தாலும் முதலாளி என்பவர் தனி ஆள் இல்லை. அப்பா, இரண்டு மகன்கள், ஒரு சித்தப்பா, கணக்குப் பார்க்கும் மருமகள், பட்டறையை மேற்பார்க்கும் மைத்துனர் என ஒரு குடும்பமே முதலாளியாக நிற்கிறது. இவர்களுக்கான கல்வி என்ற பேச்சு எழும்போதெல்லாம் எல்லோரும் ஒரே வழியைத்தான் சொல்கிறார்கள்: மூத்த மகனை வணிக நிர்வாகம் படிக்க வையுங்கள், அவன் வந்து தொழிலைப் பெருக்குவான். இத்தனை காலம் இந்த வேலையில் இருந்து நான் கற்றது இதற்கு நேர்மாறானது. குடும்பத் தொழிலுக்கான கல்வியில் மாணவராக அமர வேண்டியது வாரிசு மட்டும் இல்லை, குடும்பம் முழுவதும். பாடமும் விற்பனையைக் கூட்டும் வித்தை இல்லை. யாருக்கு எவ்வளவு பங்கு, யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் முடிவெடுப்பது, யார் எப்போது விலகலாம் என்பதைப் பேசித் தீர்க்கும் பழக்கமே அங்கு கற்றுத்தர வேண்டிய பாடம். இந்தக் கல்வி திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு இன்னும் முறையாக வந்து சேரவில்லை. அது ஏன் வர வேண்டும் என்பதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

முதலில் இருப்பதைப் பார்ப்போம். தொழில் பயிற்சிக்கு அரசு செலவழிக்காமல் இல்லை. 2008-இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியக் கடனோடு தொழில்முனைவோர் பயிற்சியும் உண்டு. தமிழக அரசின் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. அதிலும் பயிற்சி உண்டு. மாவட்டத் தொழில் மையமும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையமும் தத்தம் பங்கைச் செய்கின்றன. இவை நல்ல திட்டங்கள். ஆனால் இவை யாரை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டவை என்று கவனிக்க வேண்டும். மத்தியத் திட்டம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. கணவன், மனைவி அடங்கிய ஒரு குடும்பத்தில் ஒருவர்தான் பயனாளி ஆகலாம். மாநிலத் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. ஆகவே, தாத்தா தொடங்கிய பட்டறையைப் பேரன்கள் மூவர் சேர்ந்து நடத்தும் குடும்பத்துக்கு இந்த வரையறைகளில் இடமே இல்லை. தொழில் தொடங்குவதற்குப் பாடம் இருக்கிறது. தொடங்கியதைப் பல பேர் சேர்ந்து கட்டிக் காப்பதற்குப் பாடம் இல்லை. நம் மாவட்டத்தில் பிந்தைய நிலையில் இருப்பவர்கள் ஏராளம்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. தொழிலைக் கடையில்தானே கற்க வேண்டும், வகுப்பறையில் என்ன இருக்கிறது என்கிறார்கள். தொழில் நுட்பத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019 ஆகஸ்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைவேலையை எந்தக் கல்லூரியும் கற்றுத்தரவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அரம் பிடித்துத்தான் பிள்ளைகள் கற்றார்கள். மாங்காய்ப் பூட்டின் நெம்புகோலை எவ்வளவு இழைத்தால் சாவி சிக்காமல் திரும்பும் என்பது கைக்குத்தான் தெரியும். ஆனால் அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவாக வந்து குவிந்தபோது எழுந்த கேள்விகள் வேறு வகை. இயந்திரம் வாங்குவதா, கைவேலையிலேயே நின்று விலையைக் கூட்டுவதா? வாங்கினால் எந்தத் தம்பியின் பங்கிலிருந்து பணம் போகும்? பட்டறையை விட்டு வேறு வேலைக்குப் போன அண்ணனுக்கு இன்னும் பங்கு உண்டா? இவற்றுக்கு அரம் பிடித்த கை விடை சொல்லாது. புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கும். பட்டறைக்குள் மூன்று சகோதரர்கள் எப்படி ஒரு முடிவுக்கு வருவது என்பதை அது சொல்லித்தராது.

கடையே போதும் என்பவர்கள் நம் பழைய வணிகர்களை உதாரணம் காட்டுவார்கள். அந்த உதாரணம் என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் பிள்ளைகளை நேராகக் கல்லாவில் உட்கார்த்தவில்லை. பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகே ஏஜெண்டாகப் பொறுப்பேற்கும் படிநிலை அவர்களிடம் இருந்தது. ஏஜெண்டின் பொறுப்பு மூன்றாண்டுக் கணக்கு என்று காலவரையறை உடையது. அந்தக் கெடு முடிந்ததும் கணக்கை ஒப்படைக்க வேண்டும். சம்பளம் தனி, முதலாளியின் லாபம் தனி. தவணை, பதவி, கணக்கு ஒப்படைப்பு என்ற மூன்றும் அங்கே எழுதப்பட்ட ஒழுங்காக இருந்தன. இன்று நம் கடைகளில் பிள்ளை கல்லூரி முடித்த மறுவாரம் கல்லாவில் உட்காருகிறான். அவனுக்குச் சம்பளம் இல்லை, செலவுக்குப் பணம் உண்டு. பதவி இல்லை, ஆனால் எல்லோரும் ‘சின்ன முதலாளி’ என்கிறார்கள். பொறுப்பு எப்போது முழுதாகக் கைமாறும் என்று யாருக்கும் தெரியாது. மரபு என்று நாம் நினைப்பது மரபின் எளிய பாதி மட்டுமே. கடினமான பாதியை வழியில் தொலைத்துவிட்டோம். நான் கேட்கும் கல்வி புதுமை இல்லை, அந்தப் பாதியை மீட்பது.

அதை மீட்காவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சிறு ஊர்களில் பெரும்பாலான குடும்பத் தொழில்கள் ஒருவர் பெயரில் இருக்கின்றன, அல்லது கூட்டாண்மையாக இருக்கின்றன. 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால், பங்குதாரர் ஒருவர் இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். பங்குதாரர்கள் இருவர் மட்டுமே என்றால், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் கூட்டு தொடர முடியாது என்பதே 2010-இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. அண்ணன், தம்பி இருவர் மட்டும் கூட்டாக நடத்தும் கடைகள் எத்தனை என்று திண்டுக்கல்லின் எந்தக் கடைவீதியிலும் நின்று எண்ணிப் பார்க்கலாம். தனி உரிமையாளர் இறந்தால் அவர் பெயரிலான ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து வாரிசு புதுப் பதிவு எடுக்க வேண்டும். வங்கிக் கணக்கு அப்படியே ஓடாது. துக்க வீட்டில் பதினாறாம் நாள் முடியும் முன்பே சரக்குக்குக் காசோலை கொடுக்க முடியாத நிலை வருகிறது. உழைக்கும் பங்குதாரருக்குத் தரும் சம்பளத்தைத் தொழில் செலவாகக் காட்ட வேண்டுமென்றால் அது பங்குப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே நிபந்தனை விதித்தது. ஆக, குடும்பம் பேசத் தயங்கும் விஷயங்களை அரசு பேசச் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் பத்திரம் என்பது ஆடிட்டர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைக்கும் தாளாகவே இருக்கிறது. அதை வரி வரியாகக் குடும்பத்தோடு உட்கார்ந்து படிப்பது என் வகுப்பின் முக்கியப் பாடமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மகனுக்கு மட்டும் பாடம் நடத்துவது ஏன் வீண் என்பதற்கு வாரிசுரிமைச் சட்டம் இன்னும் அழுத்தமான காரணம் தருகிறது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியம் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் தாய்க்கும் சமமாகப் போகிறது. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் அது வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பால் வருவது என்று உறுதி செய்தது. முஸ்லிம் குடும்பங்களில் மகளுக்குப் பங்கு உண்டு என்பது மார்க்கச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, கடையின் எதிர்காலத்தைப் பற்றிய வகுப்பில் மகன் மட்டும் உட்கார்ந்தால், சட்டப்படி உரிமையாளர் ஆகப்போகும் பாதிப் பேருக்குக் கடையைப் பற்றி எதுவும் தெரியாது. கட்டிக்கொடுத்த மகள் கணக்குக் கேட்டால் அதைப் பேராசை என்கிறோம். அவரிடம் ஒருநாளும் கணக்கைக் காட்டாதது நம் குறை. தெரியாத கணக்கின் மேல்தான் சந்தேகம் வளரும்.

ஹார்வர்டில் ரெனாடோ டாகியூரியும் ஜான் டேவிஸும் 1978-இல் வரைந்த ஓர் எளிய படம் இதை விளக்க உதவும். குடும்பம், உடைமை, தொழில் என்று மூன்று வட்டங்கள். ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும்போது ஏழு இடங்கள் பிறக்கின்றன. உலகமெங்கும் குடும்பத் தொழில் வகுப்புகள் இந்தப் படத்தோடுதான் தொடங்குகின்றன. இதைச் சின்னாளபட்டிச் சேலை வீடு ஒன்றில் பொருத்திப் பாருங்கள். மூத்த மகன் மூன்று வட்டங்களிலும் நிற்கிறார். வெளியூரில் வாழும் மகளுக்குக் குடும்பமும் பங்கும் உண்டு, தொழிலில் வேலை இல்லை. மருமகள் குடும்பத்தில் இருக்கிறார், தார் சுற்றுவதிலிருந்து சுங்குடிக்கு முடிச்சுப் போடுவோரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்து வாங்குவதுவரை பார்க்கிறார், பங்கு எதுவும் இல்லை. பல வருடம் கூடவே இருக்கும் கணக்குப்பிள்ளை தொழிலில் மட்டும் நிற்கிறார், ஆனால் எல்லா உண்மையும் அவருக்குத்தான் தெரியும். ஒவ்வொருவரும் தாம் நிற்கும் இடத்திலிருந்து பேசுகிறார்கள். லாபத்தைத் தொழிலில் போடலாம் என்று மகன் சொல்வதும், பங்குத் தொகை வேண்டும் என்று மகள் சொல்வதும், உழைப்புக்குக் கூலி இல்லையே என்று மருமகள் மனத்துக்குள் நினைப்பதும் கெட்ட குணத்தால் வருவன அல்ல. நிற்கும் இடம் வேறு என்பதால் வருவன. இதை எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தால்தான் சண்டை ஆட்களை விட்டு விலகி விஷயத்துக்கு வரும். ஒருவர் மட்டும் படித்துவிட்டு வந்து வீட்டில் விளக்கினால் அது அவர் கட்சி வாதமாகத்தான் கேட்கும்.

இரண்டாவது மறுப்பு இதைவிட ஆழமானது. நல்லபடியாக ஓடும் குடும்பத்தில் பங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே பாகப்பிரிவினைக்கு வித்திட்டதாகும் என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். பேச்சு சில வீடுகளில் பிரிவை முன்னுக்கு இழுக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பிரிவு எப்போதும் தோல்விதான் என்ற எண்ணத்தை நம் பக்கத்து ஊர் வரலாறு ஒப்புக்கொள்ளாது. 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டிவிஎஸ் குழுமம் தலைமுறைகள் தாண்டிப் பல கிளைகளாக வளர்ந்தது. 2020 டிசம்பரில் அந்தக் குடும்பத்தின் கிளைகள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன: எந்த நிறுவனத்தை எந்தக் கிளை நடத்தி வருகிறதோ, அதன் உடைமையும் அந்தக் கிளையிடமே சேரட்டும் என்பது அதன் சாரம். ஊர்ச் சண்டையோ மூடிய ஆலையோ இல்லாமல் அது நடந்தது. நிதானமாகப் பேசி, எழுதி, ஒப்புக்கொண்டு பிரிவதும் குடும்பம் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதான். பேசாமல் தள்ளிப்போட்ட பங்கு கடைசியில் நீதிமன்றத்தில் பேசப்படும். அங்கே அண்ணன், தம்பி என்ற உறவு வாதி, பிரதிவாதி என்று மாறிவிடும். பேச்சு பிரிவை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் விரிசலை வெளியே கொண்டுவருகிறது என்பது என் உறுதியான முடிவு.

குடும்பத்துக்குள் அமைதி நிலவினாலும் வெளியிலிருந்து வரும் அடி காத்திருக்காது. 1996 ஆகஸ்ட் 28-இல் தோல் கழிவுநீர் தொடர்பான வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலூர் அடங்கிய வட ஆற்காட்டோடு நிற்கவில்லை. அப்போது திண்டுக்கல் அண்ணா என்று பெயர் கொண்டிருந்த நம் மாவட்டத்தின் தோல் ஷாப்புகளையும் அது கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். நவம்பர் 30-க்குள் பொதுவாகவோ தனியாகவோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வசதி செய்தாக வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதக் கெடு. குடிநீரைக் கெடுத்த தொழில் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பின் நியாயத்தில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கூட்டுத் தொழில் நடத்தும் ஒரு குடும்பத்தின் நிலையிலிருந்து அந்த மூன்று மாதத்தை எண்ணிப் பாருங்கள். முதல் போடுவதா, தொழிலை விடுவதா, போடுவதென்றால் யார் பங்கிலிருந்து, கடனுக்கு யார் சொத்து ஈடு? இவற்றை அதற்கு முன் ஒருநாளும் கூடிப் பேசாத குடும்பம் அந்தக் கெடுவுக்குள் பேசக் கற்றுக்கொள்ள முடியாது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் இதே நிலைதான். முடிவெடுக்கும் பழக்கத்தை அமைதியான காலத்தில்தான் உண்டாக்க முடியும். நெருக்கடி அதைச் சோதிக்கும், கற்றுத்தராது.

கஷ்டம் மட்டும் அல்ல, வளர்ச்சியும் இதே கேள்விகளைக் கேட்கும். 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டல், அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்றது. சீரகச் சம்பாவும் சொந்த மசாலாக் கலவையும் அதன் அடையாளம். மூன்றாம் தலைமுறை 2009-இல் சென்னைக்குக் கொண்டுபோன பிறகு அது பல ஊர்க் கிளைகளாகப் பெருகியது; வெளி முதலீட்டு நிறுவனமும் பங்கு வாங்கியது; பெயருக்காக நீதிமன்றம்வரை போக வேண்டியும் வந்தது. வெளி முதலீடு எந்தக் குடும்பத்துக்கு வந்தாலும் நடப்பது ஒன்றே. முதல் நாளே அது கணக்கைக் கேட்கும், பெயர் யாருக்குச் சொந்தம் என்று கேட்கும், குடும்பத்தார் யாருக்கு எந்த வேலைக்காக எவ்வளவு சம்பளம் என்று கேட்கும். பதில் தயாராக உள்ள குடும்பத்துக்கே வளர்ச்சி வரமாகும். திண்டுக்கல் பிரியாணிக்கு ஊர் ஊராகப் பெயர் இருக்கும் இந்த நாளில், ஊரில் உள்ள மற்றக் கடைக்காரர்களும் இதற்குத் தயாராக வேண்டாமா?

பெரிய நகரங்களில் இந்தக் கல்வி இருக்கிறது. மும்பையின் எஸ்.பி. ஜெயின் நிர்வாகவியல் நிறுவனம் 1997 முதல் குடும்பத் தொழில் வாரிசுகளுக்குத் தனிப் படிப்பு நடத்துகிறது. மாதத்தில் சில நாள் வகுப்பு, மற்ற நாள் சொந்தத் தொழில் என்ற அதன் அமைப்பு சிறந்தது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்திலும் ஹைதராபாத் இந்திய வணிகப் பள்ளியிலும் இத்துறைக்கென்று ஏற்பாடுகள் உண்டு. ஆனால் ஆங்கிலமும் கட்டணமும் பயணமும் சேர்ந்து நம் கமிஷன் கடைக்காரரை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. மேலும், அங்கே விளம்பரம்போலச் சொல்லப்படும் ஒரு புள்ளிவிவரத்தை நான் என் வகுப்பில் சொல்வதில்லை. குடும்பத் தொழில்களில் 13 சதவீதம்தான் மூன்றாம் தலைமுறையைத் தாண்டும் என்பார்கள். ஜான் வார்டு 1987-இல் வெளியிட்ட நூலின் கணக்கு அது. அமெரிக்காவின் இல்லினாய் மாநில உற்பத்தி நிறுவனங்கள் இருநூறைப் பார்த்துச் சொன்னது. நல்ல விலைக்கு விற்ற குடும்பமும் அதில் பிழைக்காத கணக்கில் சேரும். அதை வைத்து ஒட்டன்சத்திரத்துக்காரரைப் பயமுறுத்துவது நேர்மை ஆகாது. பயத்தால் வருகிறவர் சூத்திரம் தேடி வருவார். அவருக்குத் தேவை சூத்திரம் இல்லை, பழக்கம்.

அந்தப் பழக்கத்தை உண்டாக்கும் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குத் தெளிவு உண்டு. அது திண்டுக்கல்லிலேயே நடக்க வேண்டும், தமிழில் நடக்க வேண்டும், கடைக்கு விடுமுறையான நாளில் நடக்க வேண்டும். குடும்பத்துக்கு ஒருவர் என்று சேர்க்காமல் குறைந்தது இரண்டு தலைமுறையையும் ஒரு பெண்ணையும் சேர்த்தே அழைக்க வேண்டும். கணக்குப் பாடம் என்பது மாதிரி நிறுவனத்தின் கணக்கு இல்லை, அவரவர் வீட்டு நாள்வழியும் பேரேடும்தான். வீட்டுச் செலவையும் கடைச் செலவையும் பிரித்து எழுதுவதே முதல் பயிற்சி. அடுத்து, உழைப்பவருக்குச் சந்தைச் சம்பளம், பங்குக்குத் தனி லாபம் என்று இரண்டையும் பிரிப்பது. அதற்கடுத்து பங்குப் பத்திரம், உயில், விலகுகிறவரின் பங்குக்கு மதிப்புப் போடும் முறை. முடிவில் குடும்பம் தானே எழுதிய இரண்டு பக்க உடன்பாடும், மாதம் ஒருமுறை கூடிக் கணக்குப் பார்ப்பது என்ற வழக்கமும் கையில் இருக்க வேண்டும். சான்றிதழைவிட இதுவே தேர்ச்சிக்கு அடையாளம்.

வீட்டு ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்பார்கள். உண்மையான தடை இது. ஒரே தெருவில் போட்டிக் கடை வைத்திருப்பவர்கள் ஒரே அறையில் கணக்கைத் திறக்க மாட்டார்கள். அதனால்தான் பொதுப் பாடம் கூட்டாகவும், சொந்தக் கணக்கு அந்தந்தக் குடும்பத்தோடு தனியாகவும் நடக்க வேண்டும். செலவு யார் செய்வது என்ற கேள்விக்கும் தமிழ் வணிகரிடமே பதில் இருக்கிறது. விருதுநகர் நாடார் வணிகர்கள் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் மகமை எடுத்துச் சேர்த்த பொதுப் பணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிக்கூடம் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வணிகர் சங்கம் மகமை எடுத்தது என்றால், குடும்பங்கள் பேசிப் பழக இன்று எடுக்க முடியாதா? எங்கள் பிள்ளைகள் தொழிலுக்கே வர மாட்டேன் என்கிறார்களே, பிறகு யாருக்குப் பாடம் என்று கேட்கும் பெற்றோருக்கும் என் பதில் இதுவே: வர விரும்பாத மகனிடம் அதை வெளிப்படையாகச் சொல்ல இடம் கொடுப்பதும், வர விரும்பும் மகளுக்கு வழி விடுவதும், யாரும் இல்லையென்றால் நல்ல விலைக்கு விற்றுவிட மனம் தேறுவதும் இந்தக் கல்வியின் பகுதிகள்தான்.

டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து வளர்ந்த ஊரகக் கல்வி நிறுவனம் 1976 முதல் பல்கலைக்கழக நிலையில் இயங்குகிறது. கல்வியை மக்கள் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுபோவது அதன் பிறவிக் கொள்கை. இந்த வகுப்பை நடத்த அதைவிடப் பொருத்தமான இடம் நம் மாவட்டத்தில் இல்லை. மாவட்டத் தொழில் மையம் தன் பயிற்சியில் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் குடும்பங்களுக்கும் இடம் ஒதுக்கட்டும். வணிகர் சங்கங்கள் அறையும் செலவும் தரட்டும். ஆடிட்டர்களும் வழக்கறிஞர்களும் மாதம் ஒருநாள் வந்து பத்திரத்தைத் தமிழில் விளக்கட்டும். இவை அமையும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. இதைப் படிக்கும் முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த மாதக் கணக்கை முடித்ததும் மனைவியையும் மகன்களையும் மகள்களையும் மருமகளையும் அழைத்து, பங்குப் பத்திரத்தை நடுவில் வைத்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படியுங்கள். பத்திரமே இல்லையென்றால் எழுதத் தொடங்குங்கள்.